பாடபேதமாக ஒரு கட்டடம்: கொச்சி புனித பிரான்சிஸ் ஆலயம்

பழைய தேவாலயங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றை நிறுவியவரிடம் தொடங்கி அவரிடமே முடித்துவிடுகின்றனர். கொச்சிக் கோட்டைப் பகுதியிலுள்ள புனித பிரான்சிஸ் ஆலயம் இப்போக்கிற்குத் தக்க சான்றாகும். இந்தியாவில் ஐரோப்பியர் எழுப்பிய முதல் தேவாலயம், வாஸ்கோ ட காமா அடக்கம் செய்யப்பட்ட இடம் என்னும் இரு தொடர்களுக்குள் அதன் ஐந்நூறாண்டு வரலாறு சுருக்கப்படுகிறது. இவை தவறான செய்திகள் அல்ல. எனினும், இன்று நம் கண்முன் நிற்கும் கட்டடத்தை இவை விளக்குவதில்லை.

சுவடிப் பதிப்பில் மூலபாடத்தைத் தேடும் வேட்கை நமக்குப் பழக்கமானது. ஓலையை அழித்து எழுத இயலாது, பெயர்த்தெழுதவே இயலும். பெயர்த்தெழுதுவோர் விட்டனவும் சேர்த்தனவும் பாடபேதங்களாகின்றன. இவ்வாலயத்தையும் நான்கு கைகள் பெயர்த்தெழுதிய ஏடாகக் கொள்ளலாம். 1503-இல் மரத்தாலான சிறு கோயிலாகத் தொடங்கிய இது, செங்கல்லாலும் சாந்தாலும் மீளக் கட்டப்பட்டு 1516-இல் புனித அந்தோனியார் பெயரில் நிறைவுற்றது. 1663-இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றியபின் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டிடமாயிற்று. 1795-இல் நகரம் ஆங்கிலேயர் வசமான பின்னரும் ஆலயம் ஒல்லாந்தரிடமே இருந்தது. 1804-இல்தான் ஆங்கிலிக்கன் சபைக்கு வழங்கப்பட்டது. பிரான்சிஸ் என்னும் பெயர் அதன் பின்னரே வந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்துள்ளது. ஆலயத்தின் பெயரே நிலையாக இல்லாதபோது மூலபாடம் எது?

கட்டடக் கலை நோக்கில், முகப்பின் முக்கோணச் சுவரும், இருபுறத்துப் படிநிலைக் கூம்புகளும், மணிமாடமும் போர்த்துகீசியர் மரபை நினைவூட்டுகின்றன. உள்ளே நுழைவோரைக் கவர்வதோ வெறுமை. படிமங்கள் இல்லை, பக்கப் பீடங்கள் இல்லை, ஓட்டுக் கூரையின்கீழ் நீண்டு செல்லும் ஒரே கூடம். இவ்வெறுமையைப் பழைமையின் எளிமை என வியப்போர் உளர். அது பழைமையன்று. உருவ வழிபாட்டை ஏற்காத ஒரு சபை ஆலயத்தைத் தன் கொள்கைக்கேற்ப ஒழித்தெடுத்ததன் விளைவு அது. மேற்கு வாயிலின்மேல் 1779-இல் புதுப்பித்ததைக் கூறும் பொறிப்பை ஒல்லாந்தர் காலத்தின் கையொப்பம் எனலாம். மேலே தொங்கும் துணி விசிறிகள் இன்னொரு காலத்தைச் சுட்டுகின்றன. அவற்றின் கயிற்றை வெளியே நின்று இழுத்தோர் எச்சபையினர் என்று எந்தக் கல்லும் கூறவில்லை.

கல்லறைக் கற்களின் இடமாற்றம் தனியே நோக்கத்தக்கது. தரையில் பதிந்திருந்த இவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சுவர்களில் பொருத்தப்பட்டன. வடசுவரில் போர்த்துகீசியர் கற்களும் தென்சுவரில் ஒல்லாந்தர் கற்களும் உள்ளன. உடலின்மேல் கிடந்த கல் அடையாளமாக இருந்தது. சுவரில் ஏறிய கல் வாசிப்புக்குரிய பனுவலாகிவிட்டது. நம் நடுகல் மரபில் கல்லே வழிபாட்டுக்குரியது. இங்குக் கல் காட்சிக்குரியதாயிற்று. தரையிலேயே விடப்பட்டுக் கம்பித் தடுப்புடன் போற்றப்படுவது காமாவின் கல் மட்டுமே. 1524-இல் கொச்சியில் இறந்த அவரது உடல் எச்சங்கள் 1539-இல் போர்த்துகலுக்குக் கொண்டு செல்லப்பட்டன. பதினைந்து ஆண்டுகளுக்கும் குறைவாக ஓர் உடல் தங்கிய குழி, நூற்று நாற்பதாண்டு ஒல்லாந்தர் வழிபாட்டைக் காட்டிலும் மிகுதியாகப் பேசப்படுவது விந்தையே.

பயன்மாற்றம் எந்தக் கட்டடத்தையும் காக்கும் என இதனால் கருதிவிடலாகாது. அருகிலுள்ள சாந்தா குரூஸ் பேராலயத்தின் வரலாறு இதற்கு மாறானது. ஒல்லாந்தர் அதனை இடிக்காது ஆயுதக் கிடங்காக்கினர். பின்வந்த ஆங்கிலேயர் இடித்துவிட்டனர். இன்றுள்ள பேராலயம் 1905-இல் அருட்பொழிவு செய்யப்பெற்ற புதிய கட்டடம். பழையதன் கருங்கல் தூண் ஒன்று வளாகத்தில் எஞ்சியுள்ளது. கிடங்குக்குத் தேவைப்படுவது சுவரும் பூட்டும்தான். மக்கள் கூடி ஒரு திசை நோக்கி அமரும் கூடமாக ஆலயத்தைக் கொண்ட பயன்களே அதன் உள்வெளியைக் காத்தன என்பது இவ்விரு கட்டடங்களை ஒப்பிடும்போது தெளிவாகிறது.

1923-இல் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டதும் ஒரு பயன்மாற்றமே. அதுவரை ஒவ்வொரு சபையும் தன் தேவைக்கேற்பக் கட்டடத்தைத் திருத்திவந்தது. அதன்பின் திருத்தம் அரசின் இசைவுக்குரியதாயிற்று. ஞாயிறு வழிபாடு தொடர்கிறது. மற்ற நாட்களில் வருவோர் பெரும்பாலும் காமாவின் கல்லைத் தேடியே வருகின்றனர். 1751 முதல் 1804 வரையிலான ஒல்லாந்தர் ஞானஸ்நான, திருமணப் பதிவேடு இவ்வாலயத்திலேயே பேணப்பட்டு வந்துள்ளது. அதனையும் தென்சுவர்க் கற்களையும் இணைத்து வாசிக்கும் பணி, வெற்றுக் கல்லறைக்குத் தரப்படும் விளக்கங்களுக்கு முன்னதாகச் செய்யப்பட வேண்டியது.