ஜூன் 31 இரவு

பொங்கோலில் என் வீட்டு ஜன்னலில் நின்றால் சிலேத்தாரில் இறங்கும் விமானங்கள் தெரியும். 1941 டிசம்பர் 8 விடிகாலை ஜப்பானியர்கள் குண்டு போட்ட இடங்களில் அதுவும் ஒன்று. என் ஆயா அப்போது சிராங்கூன் ரோட்டில், ஆறு வயசுப் பிள்ளை. "லைட்டெல்லாம் எரிஞ்சுச்சு. ஏதோ பயிற்சின்னு நெனச்சோம்" என்பார். அன்று 61 பேர் செத்தார்கள்.

மேலே இருந்தவன் என்ன பார்த்தான்? ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யிலும் நாம் போரைத் தரையிலும் கடலிலும் நின்றுதான் பார்க்கிறோம். லென் டைட்டனின் 'பாம்பர்' (1970) நாவலை எடுத்தது இந்தக் கேள்வியோடுதான்.

ஒரே நாள், ஒரே தாக்குதல். தேதி 1943 ஜூன் 31. காலண்டரில் இல்லாத தேதி. லங்காஸ்டர் விமானங்கள் கிரேஃபெல்ட் நகரத்துக்குக் கிளம்பி, அல்ட்கார்ட்டன் என்கிற கற்பனைச் சிற்றூரை எரித்துவிட்டு வருகின்றன. குறி காட்டும் விமானம் சுடப்பட்டு, அதன் வண்ணத்தீ தப்பான இடத்தில் விழுகிறது. அவ்வளவுதான் காரணம்.

அதற்குப் பிறகு நடப்பதில்தான் நாவலே இருக்கிறது. குண்டு போடுமுன் பீரங்கி வெடிப்புகளுக்கு நடுவே ஆடாமல், நேராகப் பறக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாங்க முடியாமல் ஒருவன் ஒரு நொடி முந்திப் பட்டனை அழுத்துகிறான். பின்னால் வருபவன் அந்தத் தீயைக் குறியாக வைத்து இன்னும் ஒரு நொடி முந்துகிறான். குண்டுகள் பின்னோக்கி ஊர்கின்றன. நிஜப் போரிலும் இப்படி நடந்தது. எங்கள் வேலையில் சின்னச் சின்னப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைக் கணக்குப் போட்டே ஆக வேண்டும். இங்கே அந்தப் பிழை, பயம். அந்த வேகத்தில் ஒரு நொடி என்றால் சுமார் 100 மீட்டர். ஒரு தெரு.

குறை இல்லாமல் இல்லை. ஆட்கள் ரொம்ப அதிகம். பாதியில் யார் யார் என்றே குழம்பிப்போனேன். இயந்திர விவரணை என்னைப் போன்றவனுக்கே கொஞ்சம் ஓவர். ஆனால் என்ஜின் பழுதைச் சொல்லும் அதே குரலில் சாவையும் சொல்லும்போது அந்த வறட்சி வேலை செய்கிறது.

பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் திரும்பவில்லை. அதனாலோ என்னவோ, விமானி லாம்பர்ட் பத்திரமாக வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே படித்தேன். கீழே ஊர் எரிவது தெரிந்த பிறகும் வேண்டினேன். அதுதான் உறுத்துகிறது.

அந்த டிசம்பர் இரவிலும் மோசமான வானிலை. ஒரு படைப்பிரிவு திரும்பிவிட்டது. 17 விமானங்கள் மட்டும் இந்தோசீனாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து சேர்ந்தன. இருட்டுக்கும் மேகத்துக்கும் அப்புறம், விளக்கெரியும் ஒரு ஊர். அவர்களுக்கு அப்பாடா என்று இருந்திருக்கும்.

ஆயாவிடம் கதையைச் சொன்னேன்.

"இங்க வந்தவனுங்க திரும்பிப் போயிட்டானுங்களா?"

ஒன்றைக்கூட சுட்டு வீழ்த்தவில்லை ஆயா, என்றேன்.

"ம்" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.