இழுப்பதா, தள்ளுவதா?

சரக்கு ஏற்றிய பார்ஜுகளை வடம் கட்டி, முன்னே நின்று இழுத்துச் செல்லும் படகை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். பின்னால் நின்று முட்டித் தள்ளும் படகும் உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் இது நெடுநாள் வழக்கம். ஐரோப்பாவின் ரைன் நதிக்கு 1957-இல்தான் வந்து சேர்ந்தது.

இழுக்கும்போது படகின் விசிறி பின்னுக்கு வீசும் நீர், பார்ஜின் முகத்திலேயே மோதி அதைத் தடுக்கிறது. ஒவ்வொரு பார்ஜிலும் சுக்கான் பிடிக்க ஆள் வேண்டும். தள்ளும்போதோ எல்லாப் பார்ஜுகளும் இறுகப் பிணைந்து ஒரே கப்பலாக நகர்கின்றன. இதனினும் பெரிய ஆதாயம் வேறொன்று. விலைமிக்க எஞ்சின் படகில் இருக்கிறது. பார்ஜ் வெறும் இரும்புப் பெட்டிதான். பெட்டியைத் துறையில் விட்டுவிட்டு, நிரம்பிய இன்னொன்றைத் தள்ளிக்கொண்டு படகு புறப்பட்டுவிடலாம்.

ஆழமில்லாத ஆற்றில் என்ன செய்வது? படகின் அடிப்புறத்தைக் குகைபோலக் குடைந்து, விசிறியின் மேற்பாதியை அதனுள் அமைக்கிறார்கள். படகு நிற்கையில் விசிறியின் நுனி நீர்மட்டத்துக்கு மேலேகூட இருக்கலாம். ஓடத் தொடங்கியதும் நீர் ஏறிக் குகையை நிரப்பிவிடும். விசிறியைச் சுற்றி ஜெர்மானியர் லுட்விக் கோர்ட் வகுத்த வளையத்தைப் பொருத்தினால், மெதுவான ஓட்டத்தில் உந்துவிசை இன்னும் கூடும். சிறிய படகுக்கு வேண்டிய நுட்பம் இவ்வளவே.

இனி நம் கங்கையைப் பாருங்கள். ஹால்தியாவிலிருந்து அலகாபாத் வரை 1,620 கிலோமீட்டர், 1986-இல் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. 2018 நவம்பரில் கொல்கத்தாவிலிருந்து 16 பெட்டகங்கள் வாரணாசிக்கு ஆரவாரத்துடன் வந்து சேர்ந்தன. வந்தது எஞ்சினும் சரக்கும் ஒரே உடலில் அமைந்த கப்பல். திட்டத்தின் இலக்கும் 1,500 முதல் 2,000 டன் வரையிலான கப்பல்கள். அவற்றுக்காக ஆற்றைத் தோண்டுகிறோம். அடுத்த மழைக்காலத்தில் கங்கை மணலைக் கொண்டுவந்து நிரப்புகிறது. மீண்டும் தோண்டுகிறோம்! பீகாரில் இவ்வழியிலேதான் விக்ரமசீலா ஓங்கில் சரணாலயமும் இருக்கிறது. ஆற்றின் ஆழத்துக்குக் கப்பலை அளவெடுப்பதை விட்டு, கப்பலின் அளவுக்கு ஆற்றை வெட்டுவது தலைகீழ்ப் பொறியியல் என்றே எனக்குப் படுகிறது.

தள்ளுபடகுக்குக் குறையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். வெள்ளக்காலத்தில் எதிரோட்டத்தைச் சமாளிக்கச் சிறிய எஞ்சின் திணறும். கூர்மையான வளைவுகளில் நீண்ட பார்ஜுத் தொடரைப் பிரித்துப் பிரித்துத்தான் கடத்த வேண்டியிருக்கும். ஆயினும் பாட்னாவுக்கு மேலே, நீர் வற்றிய கோடை மாதங்களில், ஒரே எடைச் சரக்கை இரண்டு முறையிலும் அனுப்பிப் பார்க்கட்டும். டன்னுக்கு எத்தனை லிட்டர் டீசல், எஞ்சின் எத்தனை நாள் சும்மா கிடந்தது, எவ்வளவு மணல் தோண்ட நேர்ந்தது என்ற கணக்கையும் வெளியிடட்டும்.