கண்காட்சி முடிந்த மறுநாள்

புகைப்படக் கண்காட்சியைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாகச் சுவரில் என்ன மாட்டியிருந்தது என்று எழுதுவார்கள். எனக்கு அதைவிட ஒரு சின்னக் கேள்வி முக்கியம். கண்காட்சி முடிந்து, பேனரையெல்லாம் கழற்றிய பிறகு, அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு மாணவி வந்து “அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்கணும்” என்று கேட்டால் யாராவது எடுத்துக் காட்டுவார்களா? காட்டுவார்கள் என்றால் அது மியூசியம். இல்லையென்றால் அது திருவிழா. திருவிழா நல்ல விஷயம்தான். ஆனால் தேர் நிலைக்கு வந்ததும் கடையைக் கட்டிவிடுவார்கள்.

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் கேட்க மிகப் பொருத்தமான இடம் சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி. பணிக்கர், ராய் சௌத்ரி என்று ஓவியர்கள், சிற்பிகள் பெயரோடுதான் நமக்கு அந்தக் கல்லூரி தெரியும். புகைப்படத்தோடு அதற்கு இருக்கும் உறவு இன்னும் பழையது. 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் அதைக் கலைப்பள்ளியாகத் தொடங்கினார். அந்தப் பத்தாண்டிலேயே அங்கே புகைப்படமும் பாடமாகிவிட்டது. மெட்ராஸ் போட்டோகிராஃபிக் சொசைட்டியைத் தொடங்கியவரும் ஹன்டர்தான். பாரிஸில் டாகேர் தன் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தது 1839-ல். இருபது வருஷம் முடிவதற்குள் சென்னையில் அது வகுப்பறைக்கு வந்துவிட்டது என்று சொன்னால், இன்றைய ஐ.டி. வேகத்துக்கே அது கொஞ்சம் சவால்தான்.

1855-ல் சென்னையில் பெரிய பொருட்காட்சி ஒன்று நடந்தது. கம்பெனி ராணுவத்தில் இருந்த லின்னேயஸ் ட்ரைப் அதில் 68 படங்கள் வைத்தார். ஹளேபீடு, பேலூர் கோயில் படங்களெல்லாம் அதில் இருந்தன. காகிதத்தில் எடுத்த காட்சிப் படங்களில் இதுவே சிறந்த தொகுப்பு என்று நடுவர்கள் சொன்னார்கள். அடுத்த வருஷம் அவர் மெட்ராஸ் மாகாணத்தின் அரசுப் புகைப்படக்காரர் ஆனார். 1858-ல் திருச்சி, ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று நம்ம பக்கம் முழுக்கச் சுற்றி எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரே படமாக்கினார். 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், செலவு அதிகம் என்று இந்த வேலையையே நிறுத்திவிட்டார். பட்ஜெட் இல்லை என்று ஆவண வேலையை முதலில் வெட்டும் பழக்கம் அப்போதே தொடங்கியாச்சு.

2014, 2015-ல் ட்ரைப்பின் படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று ஊர்களுக்குப் போனது. படம் எடுக்கப்பட்ட ஊர் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. மணப்பாறையில் உட்கார்ந்துகொண்டு 40 கிலோமீட்டரில் இருக்கும் மலைக்கோட்டையின் 1858-ஆம் வருஷத்துப் படத்தைப் பார்க்க, நான் லண்டன் மியூசியத்தின் இணையதளத்தைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

இனி 2019-க்கு வருவோம். அந்த வருஷம் பிப்ரவரி, மார்ச்சில் சென்னை போட்டோ பினாலேயின் இரண்டாம் பதிப்பு நடந்தது. அதற்கான இடங்களில் இந்தக் கவின்கலைக் கல்லூரியும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் இருந்தன. கலை இயக்குநர் பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா. 2016-ல் தொடங்கியதிலிருந்தே இந்த அமைப்பு ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்கிறது: படத்தைக் கேலரிக்குள் பூட்டாமல் ரயில் நிலையம், பூங்கா என்று மக்கள் நடமாடும் இடத்துக்குக் கொண்டுவருகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுக்கிறது. டிக்கெட் எடுத்து, செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து பார்க்கிற கலை இது இல்லை என்று காட்டியதற்கே அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் புஷ்பமாலாவை அந்தக் கல்லூரிக்குக் கொண்டுவந்ததில் அதைவிடப் பெரிய ஒரு வாய்ப்பு இருந்தது. 2000 முதல் 2004 வரை அவரும் கிளேர் ஆர்னியும் சேர்ந்து தென்னிந்தியப் பெண்களைப் பற்றி ஒரு புகைப்படத் தொடர் செய்தார்கள். அதில் ரவிவர்மா ஓவியத்துப் பெண்ணாக, வேளாங்கண்ணி மாதாவாக, ஜெயலலிதா நடித்த சினிமா ஸ்டில்லில் வரும் பெண்ணாக எல்லாம் புஷ்பமாலாவே வேஷம் கட்டி நிற்பார். ஒரு படத்தின் பெயர் ‘தோடா’. பின்னால் கட்டம் போட்ட துணி, முன்னால் அளவெடுக்கப்படும் பெண். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் பழங்குடி மக்களை நிற்க வைத்து அளந்த பாணி அது. பார்க்கிறவருக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு வயிற்றைப் பிசையும்.

இப்போது இன்னொரு புத்தகம். நீலகிரி கமிஷனராக இருந்த ஜேம்ஸ் பிரீக்ஸ் அம்மலையின் பழங்குடிகளையும் புராதனச் சின்னங்களையும் பற்றி எழுதி, அவர் இறந்தபின் 1873-ல் வெளிவந்தது. தோடர்களின் படங்களும் அதில் உண்டு. அந்தப் படங்களை எடுத்துக் கொடுத்தது யார்? இதே சென்னைக் கலைப்பள்ளி. அளவெடுத்த காலத்து கேமராவும், அந்தக் கேமராவைக் கேலி செய்த கலைஞரும், 146 வருஷ இடைவெளியில் ஒரே வளாகத்தில்! அந்தக் கல்லூரியின் முதல் வருஷ மாணவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. பிரீக்ஸ் படத்தையும் புஷ்பமாலா படத்தையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், வாத்தியார் வாயைத் திறக்கவே வேண்டாம்.

அந்த மேஜை ஒரு மாதத்துக்கு மட்டும் போட்டால் போதாது என்பதுதான் என் விமர்சனம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் விழா, எவ்வளவு நல்ல விழாவானாலும், ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது சொல்லியாக வேண்டும். புதுத் தலைப்பு, புது இயக்குநர், புதுக் கலைஞர்கள். பழைய படத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது அதன் வேலை இல்லை. அது கல்லூரியின் வேலை. வருஷா வருஷம் புது மாணவர்கள் வருவதால், அதே படம் ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப் படமாகிவிடும்.

இதை ஒழுங்காகச் செய்யும் இடம் எதுவென்று கேட்டால் சிகாகோவில் கொலம்பியா கல்லூரி நடத்தும் தற்காலப் புகைப்பட மியூசியத்தைச் சொல்வேன். 1976-ல் ஒரு மையமாகத் தொடங்கி, 1984-ல் மியூசியம் என்று பெயர் மாறியது. நுழைவுக் கட்டணம் கிடையாது. 15,000-க்கும் மேல் படங்கள் இருக்கின்றன. கட்டடமோ எண்ணிக்கையோ எனக்குப் பெரிசாகத் தெரியவில்லை. அங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு ஏற்பாடுகள்.

ஒன்று, ஒரு வகுப்புக்கு இன்ன இன்ன படம் வேண்டும் என்று ஆசிரியர் முன்கூட்டியே சொன்னால், ஊழியர்கள் பெட்டியிலிருந்து அசல் பிரின்டை எடுத்து மேஜையில் வைப்பார்கள். சுவரில் மாட்டுவது பாதி வேலை, இது மீதிப் பாதி. இரண்டு, 1982 முதல் நடக்கும் ஒரு திட்டம். அந்தப் பிராந்தியத்தில் வேலை செய்கிற புகைப்படக்காரர்களின் படத் தொகுப்புகளைக் கடனாக வாங்கி வைத்துக்கொள்வார்கள், பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள், பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு தொகுப்பை வாங்குவார்கள். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. தன் ஊர்ப்பக்கத்து ஆட்களைக் கல்லூரி கவனிக்கிறது என்பதே அதன் சாரம்.

“எல்லாம் இப்ப ஆன்லைன்ல இருக்கே, எதுக்கு மேஜையும் பெட்டியும்?” என்று என் துறை நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களுக்கு நடந்த மிக உருப்படியான வேலையும் டிஜிட்டல் வேலைதான். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லி தலைமையில், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடி ஸ்கேன் செய்தார்கள். அசல் இங்கேயே இருக்க வேண்டும், பிரதி மட்டும் லண்டனுக்கு என்பது அந்தத் திட்டத்தின் விதி. நல்ல விதி. அதன் அருமை 2023 அக்டோபரில் தெரிந்தது. ரேன்சம்வேர் தாக்குதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் முடங்கின, இந்த ஆவணத் தளத்தையும் பல மாதம் பார்க்க முடியவில்லை. பேக்கப் பற்றித் தினமும் பேசும் எங்களுக்கு இது தெரிந்த பாடம்: ஒரே சர்வரை நம்பினால் ஒருநாள் கையைப் பிசைய வேண்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு. ஸ்கேன் படத்தின் முகத்தைத்தான் காட்டும். ஸ்டுடியோ படத்தில் பாதி விஷயம் முதுகில் இருக்கும்: கடை முத்திரை, நெகட்டிவ் எண், யாரோ பென்சிலில் எழுதிய பெயர். நெகட்டிவை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், முகத்தைச் சிவப்பாக்க ரீடச்சிங் செய்தவரின் பென்சில் கோடு தெரியும். முதுகையும் ஸ்கேன் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனாலும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்போது வரும் கேள்வி, திரையில் ஸ்க்ரோல் செய்யும்போது வருவதில்லை.

இது சென்னைப் பிரச்சினை மட்டும் இல்லை. பூ தைத்த ஜடை தெரிய, பின்னால் கண்ணாடி வைத்து எடுத்த படம் நம்ம வீடுகளில் எத்தனை இருக்கும்? பெண் பார்க்க அனுப்பிய படம், சபரிமலைக்கு மாலை போட்ட குரூப் படம், இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த கடைசிப் படம். வீட்டில் இருப்பது ஒரு பிரின்ட், ஆனால் ஒரு தெருவின் முப்பது வருஷக் கல்யாணமும் சாவும் ஸ்டுடியோக்காரரின் அட்டைப்பெட்டியில் வரிசையாக இருந்தது. கண்ணாடி நெகட்டிவைக் கழுவி ஃப்ரேமுக்குப் போடுவது பல ஊர்களில் நடந்தது. மிஞ்சிய பிலிம் சுருள்கள் நம்ம வெயிலில் வினிகர் வாடை அடிக்க ஆரம்பித்தால் அதற்கப்புறம் அதிக நாள் தாங்காது. செல்போன் வந்தபின் கடையை மூடிய ஸ்டுடியோக்காரர்களின் பிள்ளைகள் இந்தப் பெட்டிகளை இடத்தை அடைக்கும் சாமானாகத்தான் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

திருச்சியில் விஸ்காம் சொல்லித் தரும் கல்லூரிகள் இருக்கின்றன. அதில் ஒன்று மனது வைத்தால் போதும். ஏ.சி. போட்ட ஒரு அறை, நான்கு இரும்பு பீரோ, முழுநேரமாக ஒரே ஒரு ஆள். சுற்றுவட்டார ஸ்டுடியோக்களிடம் பெட்டிகளைச் சிகாகோ மாதிரிக் கடனாக வாங்கலாம், உரிமை அவர்களிடமே இருக்கட்டும். வீட்டுப் படங்களைப் பொதுவில் காட்டும் முன் அந்தக் குடும்பத்தைக் கேட்க வேண்டும், அதற்கு ஒரு ஒப்புதல் படிவம் வேண்டும். முக்கியமாக, மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை படத்தைப் பரப்பி வைத்து ஊர்ப் பெரியவர்களை அழைக்க வேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவரிடம் கோபுரப் படத்தைக் கொடுத்துப் பாருங்கள். ராஜகோபுரம் பதின்மூன்று நிலையோடு முடிந்து குடமுழுக்கு ஆனது 1987-ல். அது மொட்டையாக இருந்தால் அதற்கு முந்தைய படம் என்று எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் கீழே இருக்கும் கடை யாருடையது, அது எந்த வருஷம் எரிந்தது, நடுவில் நிற்கும் ஆள் யாருடைய சித்தப்பா என்பதை அவர்தான் சொல்வார். கல்லூரி மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.

பொது நிகழ்ச்சி என்றால் சிறப்பு விருந்தினர், பொன்னாடை, குத்துவிளக்கு என்றே பழகிவிட்டோம். இந்தச் சனிக்கிழமைக்கு ஒரு நீள மேஜையும் பத்து நாற்காலியும் டீயும் போதும். ஆனால் அவசரம் உண்டு. பிலிம்கூட பீரோவுக்குள் இன்னும் கொஞ்ச வருஷம் தாக்குப்பிடிக்கும். 1960-களின் படத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று பெயர் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இப்போதே எண்பது வயது.