முகம் கேட்கும் கேமரா

2024 அக்டோபரில் எச்.பி.ஓ. வெளியிட்ட ‘மணி எலெக்ட்ரிக்: த பிட்காயின் மிஸ்டரி’ ஆவணப்படத்தைப் பற்றி அந்த வாரம் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: ஆளைக் கண்டுபிடிச்சுட்டாங்களா? படம் வருவதற்கு முன்பே, இயக்குநர் கல்லன் ஹோபாக் யார் பெயரைச் சொல்லப் போகிறார் என்று இணையத்தில் பந்தயம் கட்டினார்கள். படத்தை ரெண்டு தடவை பார்த்த பிறகு எனக்கு மிஞ்சியது வேறொரு கேள்வி. உறுதியாகத் தெரியாத ஒரு ஆளின் பெயரைத் திரையில் சொல்ல ஒரு இயக்குநருக்கு என்ன உரிமை?

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். வங்கி மாதிரி நடுவில் யாரும் இல்லாமல் ரெண்டு பேர் இணையத்தில் பணம் கொடுத்து வாங்குவது எப்படி என்பதுதான் அதன் விஷயம். 2009 ஜனவரி 3 அன்று முதல் பிளாக் உருவானது. வங்கிகளுக்கு இரண்டாவது முறையாக அரசு கைகொடுக்கப் போவது பற்றிய லண்டன் டைம்ஸ் தலைப்புச் செய்தியை அதற்குள் பொதித்து வைத்தார். 2010 டிசம்பரோடு பொதுவெளியில் பேசுவதை நிறுத்தினார். 2011 ஏப்ரலில், கூட வேலை செய்த கேவின் ஆண்ட்ரெசனுக்கு எழுதிய மடலில், தன்னை ஒரு மர்ம மனிதனாகக் காட்டிப் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அப்புறம் சத்தமே இல்லை. அவருடையவை என்று கணிக்கப்படும் சுமார் 11 லட்சம் காயின்கள் இன்றும் அசையாமல் கிடக்கின்றன. மொத்தமே 2.1 கோடிதான் உருவாக முடியும்.

நாஞ்சில் நாட்டில் சீட்டு கட்டாத வீடு கொஞ்சம்தான். சீட்டு பிடிப்பவரின் வீடு எது, அப்பா யாரு, மக்களை எங்க கெட்டிக் குடுத்திருக்கு என்று விசாரித்துவிட்டுத்தான் காசு கொடுப்போம். நம்பிக்கை என்றால் நமக்கு முகம். சதோஷி செய்த காரியத்தின் சாரமே இந்த விசாரணையைத் தேவையில்லாததாக ஆக்கியதுதான். கணக்கு எல்லார் கையிலும் இருக்கிறது, விதி எல்லாருக்கும் தெரியும், ஆள் யார் என்று கேட்க அவசியமில்லை. ஹோபாக்கின் படம் அந்தப் பழைய கேள்வியோடுதான் வந்து நிற்கிறது: ‘ஆளு ஆரு?’

இந்தக் கேள்வி தப்பு என்று நான் சொல்லவில்லை. அத்தனை காயின்களும் ஒரே ஆள் கையில் இருந்தால், அவர் விற்கத் தொடங்கும் நாளில் உலகம் முழுக்கச் சின்னச் சின்ன முதலீட்டாளர்கள் நஷ்டப்படுவார்கள். அதனால் ஊருக்குத் தெரியவேண்டிய விஷயம் இது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. கேள்விக்கு நியாயம் இருக்கிறது என்பதற்காகக் கையில் கிடைத்த பதிலை எல்லாம் சொல்லிவிட முடியுமா?

படத்தின் நல்ல பகுதிகள் ஆடம் பேக் வரும் இடங்கள். 1997-இல் ஹேஷ்கேஷ் என்ற முறையை உருவாக்கியவர் அவர். சதோஷியின் கட்டுரை அதை மேற்கோள் காட்டுகிறது. அரசும் வங்கியும் பார்க்காத பணம் வேண்டும் என்று சங்கேதவியல் ஆட்கள் கண்ட கனவின் வரலாறு அவர் வழியாக நமக்குக் கிடைக்கிறது. இவ்வளவோடு நின்றிருந்தால் இது முக்கியமான படமாக ஆகியிருக்கும்.

ஆனால் துப்பறியும் கதைக்குக் கடைசியில் ஒரு குற்றவாளி வேணும். ஹோபாக் கைகாட்டுவது பீட்டர் டாட் என்ற கனடாக்கார நிரலாளரை. கட்டுரை வந்தபோது அவருக்கு வயது 23. முக்கிய ஆதாரம், 2010 டிசம்பரில் சதோஷி எழுதிய ஒரு குறிப்புக்கு டாட் போட்ட சின்னப் பதில். சதோஷியே பேச்சைத் தொடர்வது போல அது இருக்கிறதாம், கணக்கு மாறிப் பதிவிட்டுவிட்டாராம். ஒருத்தர் சொன்னதில் ஒரு பிழையை இன்னொருத்தர் திருத்தினால் அதுவும் தொடர்ச்சி மாதிரிதான் இருக்கும். டாட் மறுக்கிறார், கேலியும் செய்கிறார். கேமரா அவர் முகத்திலேயே நிற்கிறது. சிரிப்பும் தடுமாற்றமும் ஆதாரமாக மாறுவது எடிட்டிங் மேசையில்தான்.

இதில் பெரிய முரண் ஒன்று உண்டு. சதோஷி என்று நிரூபிக்க மிகச் சுலபமான வழி இருக்கிறது. அந்த ஆரம்ப பிளாக்குகளின் ரகசியச் சாவியால் ஒரு வரியில் கையெழுத்திட்டால் போதும், உலகில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நான்தான் சதோஷி என்று பல வருஷம் சொல்லித் திரிந்த கிரெய்க் ரைட்டால் அதைச் செய்ய முடியவில்லை. 2024 மார்ச்சில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் அவர் சதோஷி இல்லை என்று தீர்ப்பளித்தது. கணிதம் சாட்சி சொல்லக்கூடிய விஷயத்தில் ஹோபாக் முகபாவத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்.

கர்த்தாவைத் தேடும் ஆசை நமக்கும் புதுசில்லை. கன்னியாகுமரிக் கடலில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலைக்கு ஒரு முகம் இருக்கிறது. வள்ளுவரின் முகம் யாருக்கும் தெரியாது. அவர் மயிலாப்பூர்க்காரர் என்பது பழைய மரபு. இல்ல, எங்க மாவட்டத்துத் திருநயினார்குறிச்சிதான் அவர் ஊர் என்று இங்குள்ள ஆய்வாளர்கள் வாதாடியிருக்கிறார்கள். புடாபெஸ்டில் 2021-இல் சதோஷிக்கு வைத்த சிலையில் முகம் இருக்கவேண்டிய இடம் பளபளவென்று மெருகேற்றப்பட்டிருக்கிறது, பார்க்கிறவர் தன் முகத்தையே பார்க்கலாம். ரெண்டு ஊருமே இல்லாத முகத்தைத் தன் வழியில் நிரப்பிக்கொண்டது.

வித்தியாசம் எங்கே என்றால், வள்ளுவரை எந்த ஊர்க்காரர் என்று சொன்னாலும் யார் வீட்டுக் கதவையும் யாரும் தட்டப்போவதில்லை. சதோஷி விஷயம் அப்படியில்லை. 2014-இல் நியூஸ்வீக் பத்திரிகை டோரியன் நகமோட்டோ என்ற கலிபோர்னியாக்காரரைக் கைகாட்டியதும் அவர் வீட்டு வாசலில் நிருபர்கள் குவிந்தார்கள். சதோஷியிடமிருந்து முதன்முதலில் காயின் பெற்ற ஹால் ஃபின்னி, ஏ.எல்.எஸ். நோயில் உடம்பு செயலற்றுக் கிடந்த காலத்திலும் பணம் கேட்டு மிரட்டப்பட்டார். ஹோபாக்கின் படத்துக்குப் பிறகு டாட் தலைமறைவாக இருக்க நேர்ந்தது என்று செய்தி வந்தது. பல்லாயிரம் கோடி ரூபாய் வைத்திருக்கிறான் என்று ஒருத்தன் நெற்றியில் எழுதி ஒட்டினால் வேறென்ன நடக்கும்?

உண்மையாகவே அவர்தான் சதோஷி என்றாலும், ஒளிந்துகொள்ள நினைத்த ஒருவரின் பெயரை வெளியிடக் கனமான காரணமும் கனமான ஆதாரமும் வேண்டும். காரணம் ஹோபாக்கிடம் ஓரளவு இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. அவர் இல்லையென்றால், சம்பந்தமில்லாத ஒருவரின் உயிரைப் பணயம் வைத்து ஒரு கிளைமாக்ஸ் எடுத்திருக்கிறார்.

படத்தைப் பாருங்கள். ஆடம் பேக்குக்காகவும், அந்தக் கனவு எப்படிப் பெரும்பணமாகத் திரிந்தது என்பதற்காகவும் பார்க்கலாம். கடைசிப் பகுதி வரும்போது மட்டும், திரையில் தெரிவது ஆதாரமா, இல்ல கேமரா முன்னால் மாட்டிக்கொண்ட ஒரு மனுஷனோட சங்கடமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.