ஹோம் ரன் நினைவுகள்: சாட்சியா, அளவுகோலா?

1953 ஏப்ரல் 17 அன்று வாஷிங்டனின் கிரிஃபித் ஸ்டேடியத்தில், நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் இருபத்தொரு வயது மிக்கி மேன்டில் அடித்த பந்து பார்வையாளர் வரிசைகளைத் தாண்டியது. ஸ்கோர்போர்டு மேலிருந்த பீர் விளம்பரத்தை உரசிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே போய் விழுந்தது. அணியின் விளம்பரப் பொறுப்பாளர் ரெட் பேட்டர்சன் உடனே எழுந்து தெருவுக்குப் போனார். பந்தை எடுத்து வைத்திருந்த ஒரு சிறுவனிடம் அது கிடந்த இடத்தைக் கேட்டறிந்து, திரும்பி வந்து ஓர் எண்ணைச் சொன்னார்: 565 அடி. மறுநாள் நாடே அந்த எண்ணைப் பேசியது. அளவுநாடாவால் அளந்ததாகவே எல்லாரும் நம்பினார்கள். நாடா எதுவும் இல்லை, காலடிகளை எண்ணித்தான் சொன்னேன் என்று பேட்டர்சன் பின்னாளில் சொன்னார். அதற்குள் அந்த எண் வேரூன்றிவிட்டது.

ஆட்டக் கணக்கில் எல்லா ஹோம் ரன்களும் ஒன்றுதான். கிரிக்கெட் சிக்ஸரைப் போலவே, வேலியைக் கையளவு தாண்டினாலும் கூரையைத் தாண்டினாலும் கிடைக்கும் ஓட்டத்தில் மாற்றமில்லை. ஆனால் ரசிகர்கள் எல்லாவற்றையும் ஒன்றாக நினைவில் வைப்பதில்லை. வானளாவப் போன சில அடிகளை மட்டும் பொறுக்கியெடுத்து, யார் வீசியது, எந்தக் கூரையில் பட்டது, எத்தனை அடி போனது என்று பிள்ளைகளிடம் ஒப்படைக்கிறார்கள். நூறாண்டுகளாக நடந்துவரும் இந்த வழக்கத்தை வெறும் பழங்கதை என்று தள்ளுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, அப்படியே ஏற்பவர்களோடும் இல்லை. தூரத்துக்குச் சாட்சி சொல்லவரும்போது இந்த நினைவு பெரும்பாலும் சறுக்குகிறது. அதன் உண்மையான பலம் வேறிடத்தில் இருக்கிறது.

முதலில் சறுக்கலைப் பார்ப்போம். பழைய ரசிகர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: கூரையில் மோதியபோதும் பந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. 1963 மே 22 அன்று யாங்கீ ஸ்டேடியத்தில் பில் ஃபிஷர் வீசிய பந்தை மேன்டில் அடித்து, வலப்பக்க மேல்தளத்தின் உச்சியிலிருந்த அலங்கார முகப்பில் மோதவைத்தார். தன் வாழ்நாளில் இத்தனை பலமாக வேறெந்தப் பந்தையும் அடித்ததில்லை என்று அவரே சொன்னார். பந்து ஏறிக்கொண்டிருந்தது என்ற சாட்சியை அடிப்படையாக வைத்து யாரோ கணக்குப் போட, 734 அடி என்று விடை வந்தது. இன்றும் அதை ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். காற்றின் தடையை எதிர்த்துப் பறக்கும் பந்து, தன் பயணத்தின் பாதியைச் சற்றுக் கடந்ததும் உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடும். அந்த முகப்பை எட்டியபோது பந்து இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். 734 அடி மனிதக் கைகளால் முடிகிற காரியம் அல்ல.

மற்றொரு கண்மயக்கமும் இதில் உண்டு. மிக உயரமாகப் போகும் பந்து மிகத் தொலைவுக்குப் போவதில்லை. தரையிலிருந்து ஏறத்தாழ 25 முதல் 30 பாகைச் சாய்வில் கிளம்பும் பந்துதான் அதிக தூரம் போகிறது. 40 பாகையில் கிளம்பும் பந்து நெடுநேரம் வானில் நிற்கும், அத்தனை பேரையும் அண்ணாந்து பார்க்கவைக்கும், வேலிக்குச் சற்று அப்பால் வந்து விழும். பார்ப்பவர் மனத்திலோ அந்த நீண்ட நேரம் நீண்ட தூரமாக மாறிவிடுகிறது.

இன்று இதையெல்லாம் சரிபார்க்க முடிகிறது. 2015 முதல் அமெரிக்காவின் முதன்மை லீக் மைதானங்கள் எல்லாவற்றிலும் ஸ்டாட்காஸ்ட் என்ற கருவித் தொகுதி ஒவ்வொரு பந்தையும் பின்தொடர்கிறது. 2020இலிருந்து, கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. மறுபரிசீலனையில் நாம் பார்க்கும் அதே ஹாக்-ஐ கேமராக்கள்தான் அங்கும் அந்த வேலையைச் செய்கின்றன. 2024 வரையான பத்து பருவங்களில் அது பதிவுசெய்த மிக நீண்ட ஹோம் ரன் 505 அடி, அதாவது சுமார் 154 மீட்டர். 2019 ஜூனில் டெக்சாஸ் அணியின் நோமர் மசாரா அடித்தது. 500 அடியைத் தாண்டியவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவற்றிலும் ஜியான்கார்லோ ஸ்டான்டனும் சி.ஜே. க்ரோனும் அடித்த 504 அடிகள், கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில், மெல்லிய காற்றில் பந்து கூடுதலாக மிதக்கும் டென்வர் மைதானத்தில் அடிக்கப்பட்டவை. இந்தக் கருவியின் எண்ணிலும் ஊகம் கலந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இருக்கைகளில் விழுந்த பந்து தடையின்றித் தரைவரை போயிருந்தால் எங்கே விழுந்திருக்கும் என்ற கணிப்பே அது. ஆனால் விதி தெரிந்த கணிப்புக்கும் காலடி எண்ணிக்கைக்கும் வேறுபாடு பெரிது. பழைய 550, 600 அடிக் கதைகளில் பெரும்பாலானவற்றை இனி அப்படியே எடுத்துக்கொள்வதற்கில்லை.

அதற்காக எல்லா நினைவையும் ஒரே தட்டில் போடுவது தவறு. 1946 ஜூன் 9 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து, வலப்பக்க வெளிவரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு ரசிகரின் வைக்கோல் தொப்பியைத் துளைத்தது. அந்தச் சம்பவம் அப்போதே செய்தித்தாளில் வந்தது. 42ஆம் பகுதி, 37ஆம் வரிசை, 21ஆம் எண் இருக்கை. பச்சை இருக்கைகளுக்கு நடுவே அது மட்டும் சிவப்பாக இன்றும் இருக்கிறது. தூரம் 502 அடி. அதே மைதானத்தில் ஆண்டுக்கணக்கில் பந்துகளை விளாசிய டேவிட் ஓர்டிஸ் அதை நம்ப மறுத்தார். தன்னால் அங்கே கிட்டக்கூட எட்ட முடிந்ததில்லை என்பது அவர் வாதம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் அன்று காற்று வெளிப்புறமாக வலுவாக வீசியது. இயற்பியல் கணக்கும் அந்த அடியை மறுக்கவில்லை. மேன்டிலின் 565இலிருந்து இது வேறுபடும் இடத்தைக் கவனியுங்கள். அங்கே முதலில் வந்தது எண். இங்கே முதலில் வந்தது ஒரு மனிதரின் தலை, ஒரு தொப்பி, ஓர் இருக்கை. எண் பிறகு அளந்து சேர்த்தது.

நினைவு ஒரு பொருளிலோ இடத்திலோ ஊன்றி நிற்கும்போது நம்பகம் கூடுகிறது என்பதை ரசிகர்களும் தம்மையறியாமல் உணர்ந்தே இருக்கிறார்கள். மினசோட்டாவில் ஹார்மன் கில்லப்ரூ 1967 ஜூன் 3 அன்று அடித்த பந்து விழுந்த இடத்தைக் குறிக்கும் இருக்கை, அந்த ஸ்டேடியமே இடிக்கப்பட்ட பின்னும், அதே நிலத்தில் 1992இல் திறக்கப்பட்ட மால் ஆஃப் அமெரிக்கா வணிக வளாகத்தின் உட்சுவரில் உயரத்தில் பொருத்தப்பட்டிருக்கிறது. 520 அடி என்கிறார்கள். எண்ணில் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் பொருள் வாங்க வந்த கூட்டத்தால் அண்ணாந்து பார்த்து, பேட்டர் நின்ற இடத்துக்கும் அந்தச் சுவருக்கும் நடுவிலுள்ள வெளியைத் தன் கண்ணாலேயே அளக்க முடிகிறது. புத்தகத்தில் அச்சான எண்ணால் அதைத் தர முடியாது.

இனி, கருவி எட்டாத பக்கம். 2005 அக்டோபர் 17, ஹூஸ்டன். தேசிய லீக் இறுதித் தொடரின் ஐந்தாம் ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், ஹூஸ்டன் 4-2 என்று முன்னிலை. தன் வரலாற்றில் முதல் முறையாக உலகத் தொடருக்குப் போக அந்த அணிக்குத் தேவை ஒரே ஓர் அவுட். ப்ராட் லிட்ஜ் வீசினார். செயின்ட் லூயிஸின் ஆல்பர்ட் புஜோல்ஸ் அடித்தார். இடப்பக்கச் சுவருக்கு வெகு மேலே, ரயில் தண்டவாளம் ஓடும் உயரத்தில் பந்து மோதியது. மூன்று ஓட்டங்கள். அந்த இரவைப் பற்றிப் பேசும் எவரும் தூரத்தைச் சொல்லித் தொடங்குவதில்லை. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டைகள் ஒரே நொடியில் அடைத்துப்போனதைத்தான் சொல்கிறார்கள். அடுத்த ஆட்டத்திலேயே ஹூஸ்டன் வென்று உலகத் தொடருக்குப் போய்விட்டது. தொடரின் முடிவை மாற்றாத அடி அது. ஆனால் வென்ற ஆட்டத்தைவிட அதிகமாகப் பேசப்படுவது அந்த அடிதான். முடிவுகளின் பட்டியலில் பதிவாகாத அனுபவத்தை ரசிகர்கள் காத்து வைத்திருக்கிறார்கள். இந்த வழக்கத்தின் தலையாய வலிமையாக நான் கருதுவது இதையே.

ஆனால் அதே நினைவு லிட்ஜுக்குச் செய்ததைப் பாருங்கள். அந்த அடியோடு அவர் உடைந்துபோனார் என்று கதை முடித்துவிடுகிறார்கள். 2008இல் பிலடெல்ஃபியாவுக்காக வீசிய லிட்ஜ், காக்க வேண்டிய முன்னிலைகள் அத்தனையையும் காத்தார். பருவத்தில் 41, பின்தொடர்களில் 7, ஒன்றுகூடத் தவறவில்லை. உலகத் தொடரின் கடைசி பேட்டரை வெளியேற்றி மண்டியிட்டு வானைப் பார்த்தவரும் அவரே. 1953இல் மேன்டிலின் அந்த 565 அடிப் பந்தை வீசிய சக் ஸ்டாப்ஸும் 15 பருவங்கள் ஆடி 107 வெற்றிகள் பெற்றவர். ஒரே ஒரு பந்துக்காக மட்டும் அவர் பெயரைச் சொல்வது அநீதி. பிரமாண்டமான அடிகளைப் போற்றும் பழக்கம் எப்போதும் பேட்டரின் பக்கத்திலிருந்தே பார்க்கிறது. வீசியவரின் மீதி வாழ்க்கையை அது தேடிப் போவதில்லை.

பேட்டர்களிடையேயும் அது நடுநிலையாக இல்லை. டேவ் கிங்மன் 442 ஹோம் ரன்கள் அடித்தவர், அவர் சராசரி .236 மட்டுமே. 1984இல் மினியாபொலிஸ் உள்ளரங்க மைதானத்தில் அவர் நேர் மேலே அடித்த பந்து, கூரைத் துணியிலிருந்த துளைக்குள் புகுந்து கீழே வரவே இல்லை. இதைச் சொல்லாத ரசிகர் இல்லை. ஹேங்க் ஆரன் 755 ஹோம் ரன்கள் அடித்தார். ஒரே பருவத்தில் அவர் 50ஐத் தொட்டதில்லை. 1971இன் 47தான் உச்சம். வளைந்து உயரும் அடிகள் அல்ல அவருடையவை. மணிக்கட்டின் வேகத்தில் தாழ்வாகச் சீறி வேலியைத் தாண்டுபவை. 1974 ஏப்ரல் 8 அன்று பேப் ரூத்தின் 714ஐ அவர் கடந்ததற்கு முன்னும் பின்னும் வந்த கொலை மிரட்டல்களையும் இனவெறிக் கடிதங்களையும் தாங்கிக்கொண்டு ஆடினார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் கூட்டிய அந்தத் திறனை, கூரையைத் தொட்ட ஒற்றை அடிகளின் பட்டியல் கீழே தள்ளிவிடுகிறது. வலிமை என்றால் உயரம் என்று பழகிய கண்ணுக்கு ஆரன் சாதாரணமாகத் தெரிவது பெருங்குறை.

1998ஐப் பற்றியும் ஒரு சொல். மார்க் மக்வயர் 70, சாமி சோசா 66 என்று போட்டிபோட்டு அடித்த கோடை அது. ஊக்கமருந்து எடுத்ததை மக்வயர் 2010இல் ஒப்புக்கொண்டார். அன்று கிடைத்த மகிழ்ச்சி பொய்யல்ல. ஆனால் மருந்தைச் சொல்லாமல் அந்தக் கோடையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்வது நேர்மையல்ல.

இந்த வழக்கத்தின் நன்மையும் கேடும் மிகக் கூர்மையாகச் சந்திக்கும் இடம் ஜாஷ் கிப்சன். கறுப்பின ஆட்டக்காரர்களை முதன்மை லீக்குகள் விலக்கி வைத்திருந்த காலத்தில், ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் க்ராஃபர்ட்ஸ் அணிகளுக்காக ஆடிய கேட்சர். ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரலில் அந்தத் தடையை உடைப்பதற்கு மூன்று மாதம் முன்பு, 35 வயதில் இறந்தார். வெள்ளையர் செய்தித்தாள்கள் அவர் ஆட்டங்களைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. கறுப்பினப் பத்திரிகைகளோடு சேர்ந்து அவரைக் காப்பாற்றியது பார்த்தவர்களின் வாய்மொழிதான். யாங்கீ ஸ்டேடியத்தைவிட்டே பந்தை வெளியே அனுப்பினார் என்றார்கள். பிட்ஸ்பர்கில் அவர் அடித்த பந்து மறுநாள் பிலடெல்ஃபியாவில் ஒருவர் கையில் விழுந்தது, அம்பயர் கிப்சனைப் பார்த்து நேற்று பிட்ஸ்பர்கில் நீ அவுட் என்றார் என்றொரு கதையும் உலவியது. 1972இல் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழரங்கில் வைத்த பலகையில், சுமார் 800 ஹோம் ரன்கள் என்று பொறித்தார்கள்.

அந்த 800இல் சிற்றூர் அணிகளோடும் வழிநெடுக நடந்த காட்சி ஆட்டங்களிலும் அடித்தவையும் அடக்கம். கறுப்பினத்தவர் ஆடிய நீக்ரோ லீக்குகளின் முறையான ஆட்டங்கள் பருவத்துக்கு மிகக் குறைவு. ஆராய்ச்சியாளர்கள் பழைய ஆட்டக் குறிப்புகளைத் தேடித் தொகுத்தபின் உறுதியான ஹோம் ரன்கள் 200க்கும் குறைவாகவே வந்தன. ரசிகர் நினைவின் பெரும் சறுக்கல் இங்கேதான் விலை கேட்டது. எண்ணைப் பெருக்கிச் சொன்னதால், கிப்சன் என்பவரே புராணம் என்று ஒதுக்குவோருக்கு வசதியாகிவிட்டது. நம்ப முடியாத ஒன்றைச் சொல்லி, நம்பத்தக்க மனிதரையும் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிட்டார்கள்.

ஆனால் பக் ஓ'நீல் சொன்னதையும் இங்கே வைக்க வேண்டும். கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியில் ஆடி, அதன் மேலாளராகவும் இருந்தவர். மட்டையில் பந்து படும் ஒரு தனி ஓசையை வாழ்நாளில் மூன்று பேரிடம் கேட்டதாக அவர் சொல்லிவந்தார்: சிறுவனாக இருந்தபோது பேப் ரூத்திடம், பிறகு ஜாஷ் கிப்சனிடம், முதுமையில் போ ஜாக்சனிடம். இதில் அடிக்கணக்கு இல்லை, எண்ணிக்கை இல்லை, பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. வெள்ளையர் லீக்கின் நாயகனையும் அவரோடு ஒரே லீக்கில் ஆட அனுமதிக்கப்படாத கறுப்பினத்தவரையும் ஒரே தராசில் நிறுத்த அன்றைய பதிவேடுகளால் முடியவில்லை. ஓர் ஆட்டக்காரரின் பழகிய காது அதைச் செய்தது.

நீக்ரோ லீக்குகளின் புள்ளிவிவரங்களை முதன்மை லீக் தன் ஏட்டில் சேர்த்தது 2024 மே மாதத்தில். வாழ்நாள் சராசரியில் கிப்சனின் .372 டை காபின் .367ஐ முந்தியது. அடியின் வலிமையைக் காட்டும் ஸ்லக்கிங் கணக்கில் அவருடைய .718, ரூத்தின் .690க்கு மேலே நிற்கிறது. ஹோம் ரன் எண்ணிக்கையில் பொய்த்த சாட்சிகள், இவரைவிடப் பலமாக அடித்தவர் இல்லை என்ற அடிப்படைக் கூற்றில் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். கூப்பர்ஸ்டவுன் புகழரங்கில் உள்ள அந்த 800 பலகையைக் கழற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதன் அருகிலேயே இந்தப் புதிய எண்களையும், அந்த 800 எப்படி வந்தது என்ற விளக்கத்தையும் சேர்த்து வைக்கட்டும்.