ஏர் எடுக்கும் கை

ஆழ்வார்பேட்டைச் சந்தில் தண்ணீர் லாரி ஸ்டார்ட் ஆகிறது. அரை நிமிடத்தில் அணைகிறது. செல்ஃப் மோட்டார் சுற்றிவிட்டதால் பேட்டரியைக் குறை சொல்ல வழியில்லை. பழைய டீசல் இன்ஜின் என்றால் நல்ல மெக்கானிக்குக் காற்றின் மேல்தான் சந்தேகம். பம்பில் மிச்சமிருக்கும் டீசல் தீரும்வரை ஓடும். அதன்பின் தளர்ந்த இணைப்பு வழியே உறிஞ்சிய காற்று வந்து சேரும்.

மெக்கானிக் ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்துகிறார். முதலில் நுரை, பிறகு குமிழிகள், கடைசியில் கண்ணாடி போல டீசல். அழுத்தியபடியே ஸ்க்ரூவை முடுக்கும் அந்த நொடிக்கணக்குதான் எனக்குப் பிடித்தது. "ஓடுதுண்ணே!" என்கிறார் டிரைவர். இவர் நகரவில்லை, காற்று புகுந்த வழி அகப்பட வேண்டுமே! வாஷர்களை ஒவ்வொன்றாகத் தடவுகிறார். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்தாலும் வண்டி இப்படித்தான் நிற்கும். ஆனால் 2020-க்குப் பிந்தைய பிஎஸ்-6 லாரி என்றால், கோளாறு பார்க்க முதலில் ஸ்கேனர்தான் வருகிறது.