விடை கொடாத வேதியர்

சேக்கிழாருடைய பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் என்னும் நந்தனாருக்கு ஆண்டை என்று ஒருவர் கிடையாது. ஆதனூர்ப் புலைப்பாடியிலே பிறந்து, கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்துவந்த அந்த அடியார், தில்லைப் பயணத்தை நாள்தோறும் ஒத்திப்போட்டதற்குத் தம் குலத்தைப் பற்றிய தயக்கமே அங்கே காரணமாகச் சொல்லப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கதையை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக விரித்தபோதுதான், நிலமும் அதிகாரமும் உடைய வேதியர் என்னும் துணைப்பாத்திரம் அதற்குள் நுழைந்தது. புராணத்தினின்று விலகியதையும் இலக்கண வழுக்களையும் கண்டு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்பதை அவர் மாணாக்கர் உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். இலக்கண வழு எப்படியோ போகட்டும். புராணத்தினின்று விலகிய அந்த இடமே நூலின் உயிர் என்பது என் அபிப்பிராயம்.

ஏனெனில், வேதியர் வந்த மாத்திரத்தில் நந்தனுடைய தடை மனத்தை விட்டு வயலில் இறங்கிவிடுகிறது. தில்லைக்குப் போகலாமா என்று தெய்வத்தினிடம் கேட்கவேண்டிய கேள்வியை, வேலையை விட்டுப் போகலாமா என்று முதலாளியிடம் கேட்கவேண்டியவனாக அவன் ஆகிறான். நாற்பது வேலி நிலத்தின் நடவையும் அறுப்பையும் முடித்துவிட்டுப் போ என்று வேதியர் விதிக்கும் நிபந்தனையில் சாத்திரம் பேசுவதாகத் தோன்றினாலும், உண்மையில் பேசுவது கணக்குதான். தீண்டாமைக்கு அடியில் கிடக்கும் உழைப்புச் சுரண்டலை, பக்தி ரசம் ததும்பும் ஒரு கீர்த்தனை நூல், தான் அறிந்தோ அறியாமலோ, இத்தனை துல்லியமாகக் காட்டிவிட்டதே என்று வியக்கத் தோன்றுகிறது.

மலேசியாவின் சுங்கை சோவிலும் கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலும் வளர்ந்த ஒருவருக்கு இந்த இடத்தில் உரையே வேண்டாம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நிரை நிரையாகப் பால்மரம் சீவி, கோயில் காரியத்துக்கோ உறவுமுறைச் சாவுக்கோ ஒருநாள் போய்வரத் தண்டலிடம் தலையைச் சொறிந்து, தண்டல் கிராணியிடமும் கிராணி துரையிடமும் சொல்லி விடை வரும்வரை காத்துநின்ற தலைமுறையினர், தோட்டத்து மேடையிலோ திரையிலோ வேதியரைக் கண்டபோது அவர் யார் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

ஆனால் அதே அனுபவமே இப்பாத்திரத்தின் பெருங்குறையையும் காட்டிக்கொடுக்கிறது. ஈசனருளால் ஒரே இரவில் நாற்பது வேலியும் விளைந்து நிற்கக் கண்ட வேதியர், கண்ணீர் மல்க நந்தன் காலில் விழுகிறார். ரசிகர் நெஞ்சு உருகும் காட்சி இது. 1935ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையரும், 1942ஆம் ஆண்டு ஜெமினி படத்தில் செருகளத்தூர் சாமாவும் ஏற்ற வேடம் இதுவென்பதால், சபையோருடைய அனுதாபம் வேதியர்பால் திரும்பியதும் இயல்பே. விளைவு என்னவென்றால், ஓர் அமைப்பின் கொடுமை ஒரு மனிதருடைய அறியாமையாகச் சுருங்கி, அவர் மனம் மாறியதும் தீர்ந்துபோனதுபோல் ஆகிவிடுகிறது. வேதியர் தனி மனிதர். ஆகவே திருந்த முடிந்தது. நம் தோட்டங்களின் சொந்தக்காரரோ பல சமயம் கடலுக்கு அப்பால் இருந்த கம்பெனி. தோட்டம் கைமாறி, மரம் சாய்க்கப்பட்டு, லயத்து வீட்டைக் காலி செய்யும்படி கடிதம் வந்த நாளில், மனம் மாறுவதற்கு எதிரே ஓர் ஆள்கூட இருக்கவில்லை.

இந்திரா பார்த்தசாரதி 1978இல் எழுதிய 'நந்தன் கதை', இந்த அற்புதத்தையும் மனமாற்றத்தையும் ஒருங்கே உதறிவிட்டு, பழங்கதையை நவீனத் துன்பியல் நாடகமாக்கிற்று. சேக்கிழாரிடம் முத்தி தந்த தீ இங்கே கொலைத் தீயாகிறது. நந்தனும் அவனை நேசிக்கும் தேவதாசி அபிராமியும் மேற்குலத்தார் விரித்த சூழ்ச்சியில் சிக்கி அதில் வெந்து மடிகிறார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த நெருப்பை நினையாமல் இம்முடிவைப் படிக்க எவராலும் இயலாது. அச்சம்பவத்தைத் தழுவி இதே ஆசிரியர் முன்னர் எழுதிய 'குருதிப்புனல்' நாவலில், மிராசுதாருடைய கொடூரத்துக்கு அவருடைய ஆண்மையின்மையைக் காரணமாக்கியதால், வர்க்கப் பிரச்சினையை உளவியலாகத் திசை திருப்பிவிட்டார் என்று இடதுசாரி விமர்சகர்கள் கடிந்துகொண்டனர். நாடகத்து வேதியருக்கு அத்தகைய அந்தரங்க வியாதி எதுவும் கற்பிக்கப்படவில்லை. அவர் ஒரு கூட்டணியின் அங்கம். அந்தக் கூட்டணிக்குத் தன் நலம் இன்னதென்று நன்றாகத் தெரியும். சமூக விமர்சனம் என்ற வகையில் இதுவே நேர்மையான தீர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை.

எனினும், நாடகம் என்ற வகையில் ஒரு நஷ்டமும் உண்டு. பாரதியாருடைய வேதியர் மறுக்கும்போது, அடுத்த கணம் என்ன சொல்வாரோ என்ற எதிர்பார்ப்பு சபையில் நிற்கிறது. தம்முடைய ஆளை இழந்தால் பயிர் என்னாகும் என்ற விவசாயக் கவலையும், அந்த ஆளிடம் தமக்கில்லாத ஏதோ ஒன்று இருக்கிறதென்ற உறுத்தலும் அவர் பேச்சினூடே கலந்து வருகின்றன. சதிகாரராக வரும் வேதியரிடம் அந்த ஊசலாட்டத்துக்கு இடமில்லை. முடிவைப் பார்வையாளர் முன்கூட்டியே அறிந்துவிடுவதால், நந்தனுடைய வீழ்ச்சி நம்மைக் கோபமூட்டும் அளவுக்குக் கலங்கவைப்பதில்லை. அந்தப் பாரத்தைச் சுமப்பவள் அபிராமிதான். விலகிப்போகக்கூடிய நிலையில் இருந்தும் தீக்குள் உடன் செல்கிறவள் அவள்.

நம் வட்டாரத்தில் இந்நாடகத்தை மேடையேற்ற முன்வரும் இயக்குநர், வேதியரை உருட்டிய விழியும் உரத்த குரலுமாக நடிக்க விடவேண்டியதில்லை. கைப்பேரேட்டைப் புரட்டியபடி, சற்றே மரியாதையாகவும்கூட, வேலை கிடக்கிறதே என்று மட்டும் சொல்லி மறுக்கும் கிராணியின் தோரணையில் அவரை வரச்செய்யலாம். சூழ்ச்சிக்காரர் என்ற உண்மை அதனால் சிறிதும் குறையாது. பாரதியார் கண்டுபிடித்த கணக்கும் கைவிட்டுப் போகாது.